பெருந்தொற்றும் ஆசிரியர்களின் பணிச்சோர்வும்: ஓர் எளிய விளக்கம்

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டை இரவெல்லாம் திருத்தி முடித்த ஆசிரியருக்கு மறுநாள் கண் எரியும், தலை கனக்கும், பிள்ளைகள் சத்தம் போட்டால் சுள்ளென்று கோபம் வரும். அது களைப்பு. சனி, ஞாயிறு நன்றாகத் தூங்கினால் திங்கட்கிழமை பழைய ஆளாகிவிடுவார். பத்து நாள் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் அன்று, முதல் மணி அடிப்பதற்கு முன்பே ஒருவருக்கு உடம்பிலும் மனதிலும் ஒன்றும் மிச்சமில்லை என்றால் அது வேறு கணக்கு. ஓய்வு எடுத்தும் தீராத இந்த நிலையைத்தான் பணிச்சோர்வு என்கிறோம். உளவியலில் இதன் பெயர் பர்ன்அவுட்.

1974இல் நியூயார்க்கைச் சேர்ந்த உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் இதைப் பற்றி எழுதினார். இலவச மருத்துவமனைகளில் ஆர்வத்தோடு உழைத்தவர்களே காலப்போக்கில் வெறுத்துப்போய் நிற்பதை அவர் கவனித்திருந்தார். இதை அளக்க ஒரு வழியைக் கொண்டுவந்தவர்கள் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும். 1981இல் அவர்கள் வெளியிட்ட 22 கேள்விகள் கொண்ட வினாத்தாள்தான் இன்றும் பெரும்பாலான ஆய்வுகளுக்கு அடிப்படை. ஆசிரியர்களுக்கென்றே அதில் ஒரு தனி வடிவமும் உண்டு. அந்தக் கேள்விகள் மூன்று விஷயங்களைத் தேடுகின்றன.

முதலாவது, உணர்வு வற்றிப்போவது. ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்து நிற்கும். என்ன ஏது என்று கேட்கத் தோன்றாது. இரண்டாவது, விலகல். பிள்ளைகள் பெயரும் முகமும் உள்ளவர்களாகத் தெரியாமல் "நைன்த் பி கும்பல்" ஆகிவிடுவார்கள். ஓய்வறைப் பேச்சில் கேலியும் கசப்பும் கூடும். மூன்றாவது, "நான் நடத்தி என்ன ஆகப்போகிறது" என்ற எண்ணம். பத்தாண்டு நல்ல தேர்ச்சி கொடுத்தவர்கூட தான் ஒன்றுமே செய்யவில்லை என்று மனதார நம்புவார்.

இந்த மூன்றில் வெளியே தெரிவது இரண்டாவதுதான். ஆகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுதான். வற்றிப்போனவர் அதை மறைத்துக்கொண்டு மாதக்கணக்கில் வகுப்பெடுப்பார், யாருக்கும் தெரியாது. கசப்பாகப் பேசத் தொடங்கியதும் "மாறிட்டாரு", "பொறுப்பில்லை" என்பார்கள். உதவி போய்ச் சேர வேண்டிய நேரத்தில் மெமோ போய்ச் சேரும். அனுபவமில்லாத எச்.எம். (தலைமை ஆசிரியர்) செய்யும் தவறுகளில் இதை முதலில் வைக்கலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் பணிச்சோர்வு இடம்பெற்றிருக்கிறது, ஆனால் நோயாக இல்லை. பணியிடம் சார்ந்த ஒரு நிலையாக. வேலையிடத்து நெருக்கடி நீண்ட நாள் தொடர்ந்து, அதைச் சரிவரக் கையாளாமல் விட்டதன் விளைவு என்பது அதன் விளக்கம். ஆளிடம் மட்டும் கோளாறைத் தேடாதே, வேலையைப் பார் என்று அந்த நிறுவனமே சொல்வதாக இதை எடுத்துக்கொள்ளலாம்.

வேலையைப் பார்ப்பது எப்படி? 2001இல் எவாஞ்சலியா டெமரூட்டியும் அர்னால்ட் பாக்கரும் சக ஆய்வாளர்களும் முன்வைத்த மாதிரி எளிமையானது. வீட்டு வரவுசெலவு போல இரண்டு பத்தி போடுங்கள். ஒரு பக்கம் வேலை கேட்பவை: பாட வேளைகள், திருத்தல், பதிவேடு, பெற்றோரின் கேள்விகள், மேலிடத்து உத்தரவுகள். மறு பக்கம் வேலை தருபவை: எதை எப்படி நடத்துவது என்ற சுதந்திரம், சக ஆசிரியர்களின் துணை, நேரத்துக்குச் சம்பளம், பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று முகத்தில் தெரியும் அந்த நொடி. கேட்பது கூடினாலும் தருவதும் கூடினால் ஆள் தாங்குவார். கேட்பது கூடும்போதே தருவது குறைந்தால் சோர்வு நிச்சயம். கோவிட் பெருந்தொற்று செய்தது இந்த இரண்டாவது வேலையை, அதுவும் ஒரே மாதத்துக்குள்.

2020இல் என்ன மாறியது

2020 ஏப்ரலில் 190க்கும் மேற்பட்ட நாடுகளில் பள்ளி, கல்லூரிகள் மூடப்பட்டிருந்தன. ஏறக்குறைய 160 கோடி மாணவர்கள் வீட்டில் இருந்ததாக யுனெஸ்கோ கணக்கிட்டது. தமிழ்நாட்டில் மார்ச்சில் மூடிய பள்ளிகள், 10, 12ஆம் வகுப்புகளுக்கு மட்டும் 2021 ஜனவரி 19 அன்று திறந்தன. இரண்டாம் அலையில் மறுபடி மூடல். 9 முதல் 12ஆம் வகுப்பு வரை 2021 செப்டம்பர் 1 அன்றும், 1 முதல் 8ஆம் வகுப்பு வரை நவம்பர் 1 அன்றும் திறந்தன. ஒமிக்ரான் வந்ததும் 2022 ஜனவரியில் இன்னொரு மூடல், பிப்ரவரி 1 அன்று திறப்பு. ஒவ்வொரு முறையும் கால அட்டவணை, பாடத்திட்டக் குறைப்பு, சுழற்சி முறை என எல்லாம் புதிதாக. 2020இன் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஜூன் 1 என்றார்கள், பிறகு ஜூன் 15 என்றார்கள், ஜூன் 9 அன்று ரத்து என்றார்கள். அதுவரை ஒவ்வொரு வீடாகத் தொலைபேசியில் அழைத்துப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்திக்கொண்டிருந்தவர்கள் ஆசிரியர்கள். முடிவு சரியானதுதான். ஆனால் எதைத் திட்டமிட்டாலும் அடுத்த வாரம் அது நிற்காது என்ற அனுபவம் திரும்பத் திரும்ப வந்தால், திட்டமிடும் மனமே விட்டுப்போகும். அதிக வேலையைத் தாங்குபவர்கள்கூட இதைத் தாங்குவதில்லை.

இணைய வகுப்பு என்றதும் எல்லோரும் பேசியது பிள்ளைகளின் திரை நேரத்தை. 2020 ஜூலையில் ஒன்றிய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் (இன்றைய கல்வி அமைச்சகம்) இணைய வகுப்புகளுக்காக வெளியிட்ட பிரக்யதா வழிகாட்டுதல், 1 முதல் 8ஆம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிட வகுப்பு இரண்டு, 9 முதல் 12 வரை நான்கு என்று உச்சவரம்பு வைத்தது. நல்ல விதி. ஆனால் அது எண்ணியது மாணவரின் நேரத்தை. மூன்று பிரிவுகளுக்கு அறிவியல் எடுக்கும் ஆசிரியரின் திரை நேரத்தை யாரும் எண்ணவில்லை.

எண்ணிப் பார்ப்போம். ஒரு வகுப்பில் 35 பேர் வீட்டுப்பாடத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நோட்டாக இருந்தால் புரட்டி, டிக் அடித்து, கையெழுத்துப் போட ஒரு நிமிடம். படமென்றால் பதிவிறக்க வேண்டும், தலைகீழாக இருப்பதைத் திருப்ப வேண்டும், பெரிதாக்கிப் படிக்க வேண்டும், விரலால் கிறுக்கித் திருத்தி, சரியான பிள்ளைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். குறைத்துச் சொன்னாலும் மூன்று நிமிடம். 35 பேருக்கு 105 நிமிடம். மூன்று பிரிவுகளுக்கு ஐந்தேகால் மணி நேரம். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பலர் வீட்டில் இருந்தது ஒரே ஸ்மார்ட்போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அவர் இரவு எட்டு, ஒன்பது மணிக்குத் திரும்பிய பிறகுதான் படங்கள் வரிசையாக வந்து விழும். ஆசிரியரின் அடுத்த வேலைநாள் அப்போதுதான் தொடங்கும். இடையில் அவர் வீட்டிலும் சமையல் இருக்கும், மாமியாருக்கு மாத்திரை கொடுக்க வேண்டியிருக்கும், சொந்தப் பிள்ளையின் இணைய வகுப்பு இருக்கும், அதற்கும் அதே போன்தான்.

கேட்பவற்றின் பட்டியல் அத்தோடு முடியவில்லை. பாடநூல் விநியோகம், சத்துணவுக்குப் பதிலாக அரிசி, பருப்பு வழங்குதல், எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் தகவல் தளத்தில் பதிவேற்றம், கல்வித் தொலைக்காட்சி பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கணக்கு, 2021 ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தல் பணி என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது.

தருபவை பக்கத்தில் விழுந்த ஓட்டை இதைவிடப் பெரிது என்பது எங்கள் கணிப்பு. வகுப்பறையில் ஆசிரியர் நிமிடத்துக்கு நிமிடம் முகங்களைப் படிக்கிறார். நெற்றி சுருங்கினால் இன்னொரு உதாரணம், கண் அலைந்தால் ஒரு கேள்வி. திரையில் இருந்தவை பெயரின் முதல் எழுத்து பொறித்த வண்ண வட்டங்கள். "புரியுதா?" என்றால் அமைதி. கொஞ்ச நேரம் கழித்து, "மிஸ், கேக்கலை." தன் குரல் போய்ச் சேர்கிறதா என்றே தெரியாமல் 40 நிமிடம் உற்சாகமாகப் பேசுவது நடிப்புக்குச் சமம், அதற்குத் தனி உழைப்பு வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் ஜெரமி பெய்லன்சன் 2021இல் காணொளிக் களைப்புக்கு நான்கு காரணங்களை முன்வைத்தார்: முகங்கள் மிக நெருக்கத்தில் உற்றுப் பார்ப்பது, தன் முகத்தையே ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது, உடம்பு அசையாதிருப்பது, சைகைகளை அனுப்பவும் படிக்கவும் மூளை கூடுதலாக உழைப்பது. நம் ஆசிரியர்களுக்கு முதலாவதை வெட்டிவிட்டு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்கலாம்: எந்த முகமும் இல்லாத திரை.

தனியார் பள்ளிகளில் சிக்கல் இன்னும் அடிப்படையானது. 2020 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கட்டணத்தில் 75 சதவீதம்வரை தவணையாக வசூலிக்க அனுமதித்தது. அதையும் கட்ட முடியாத குடும்பங்கள் ஏராளம். அந்தச் சுமை ஆசிரியர் சம்பளத்தில் இறங்கியது. பாதிச் சம்பளம், சம்பளமே இல்லை, வேலை நீக்கம் என்று எல்லாம் நடந்தது. காய்கறி விற்றவர்கள், நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் பற்றிய செய்திகள் அந்த ஆண்டு முழுக்க வந்தன. பாதிச் சம்பளத்தில் இரட்டை வேலை பார்ப்பவருக்கு மூச்சுப்பயிற்சி சொல்லிக் கொடுப்பது கேலி செய்வது மாதிரி.

தொற்று பற்றிய பயமும் இருந்தது. உத்தரப் பிரதேசத்தில் 2021 ஏப்ரலில் நடந்த பஞ்சாயத்துத் தேர்தல் பணிக்குப் பிறகு இறந்துபோன 1,621 பேரின் பட்டியலை அங்குள்ள ஆரம்பப் பள்ளி ஆசிரியர் சங்கம் வெளியிட்டது. அரசு முதலில் மூன்று பேரை மட்டுமே கணக்கில் எடுத்தது. சாவு மட்டுமில்லாமல், அந்தச் சாவைக் கணக்கில் சேர்க்க மறுத்ததும் சேர்ந்துதான் உயிரோடிருப்பவர்களின் மனதை உடைக்கிறது. ஆய்வாளர்கள் நியாயமின்மையைப் பணிச்சோர்வின் தனிக் காரணமாகவே பட்டியலிடுவது இதனால்தான்.

இன்னொன்று அதிகம் பேசப்படாதது: மனசாட்சி உறுத்தல். தொடர்பில் இல்லாமல் போன பிள்ளை வேலைக்குப் போய்விட்டான் என்றோ, பத்தாம் வகுப்புப் பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது என்றோ தெரியவரும். செய்ய வேண்டியது என்ன என்று தெரியும், செய்யத்தான் வழியில்லை. தெருத் திண்ணையிலும் மரத்தடியிலும் போய்ப் பாடம் நடத்திய ஆசிரியர்களைத் தியாகிகளாகப் பாராட்டினோம். அவர்களில் பலரை ஓட்டியது இந்த உறுத்தல்தான். வேகமாகச் சோர்ந்துபோகிறவர்களும் அவர்கள்தான்.

பள்ளி திறந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தது தப்புக் கணக்கு. 2020 மார்ச்சில் ஒன்றாம் வகுப்பில் இருந்த குழந்தை, 2021 நவம்பரில் வந்து உட்கார்ந்தது மூன்றாம் வகுப்பில். ஒன்றாம் வகுப்பையே முடிக்காதது அது. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புப் புத்தகம். அரசு 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வியையும், 2022 ஜூனில் 1 முதல் 3 வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டத்தையும் தொடங்கியது இந்த இடைவெளியை அடைக்கத்தான். தேவையானவைதான், ஆனால் வகுப்பறைக்குள் அதைச் செய்ய வேண்டியவர்கள் ஏற்கெனவே வற்றிப்போயிருந்தவர்கள். முகக்கவசத்துக்குள்ளிருந்து கத்திக் கத்திக் குரலும் போயிருந்தது.

சோர்வா, மனச்சோர்வு நோயா, உடல்கோளாறா?

இங்கேதான் தவறு அதிகம் நடக்கிறது. பணிச்சோர்வு வேலையைச் சுற்றியே இருக்கும். பள்ளியை மறந்து ஒரு கல்யாண வீட்டில் நாலு பேரோடு உட்கார்ந்தால் சிரிப்பு வரும், சாப்பாடு ருசிக்கும். மனச்சோர்வு நோய் எல்லா இடத்துக்கும் கூடவே வரும். இரண்டு வாரம் தொடர்ந்து, பெரும்பாலான நாட்களில், பிடித்த எதிலும் மனம் ஒட்டவில்லை, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டன, தன்மீதே வெறுப்பாக இருக்கிறது என்றால் அது மருத்துவரிடம் போக வேண்டிய நிலை. மருத்துவர்கள் பயன்படுத்தும் பிஎச்க்யூ-9 என்ற வினாத்தாளில் ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கட்டாயம் காட்ட வேண்டும். ஒன்பதாவது கேள்வி சாவு பற்றிய எண்ணத்தைக் கேட்கிறது. அதற்குப் பூஜ்யம் தவிர எந்த விடை வந்தாலும் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் அன்றே உதவி தேட வேண்டும். கவனியாமல் விட்ட பணிச்சோர்வு மனச்சோர்வாகவும் முற்றலாம், இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

உடம்பையும் பார்க்க வேண்டும். ரத்தசோகை, தைராய்டு குறைவு, சர்க்கரை, பி12 குறைபாடு எல்லாமே இதே வேஷத்தில் வரும். ஹீமோகுளோபின், டிஎஸ்எச் (தைராய்டுக்கானது), சர்க்கரை ஆகிய மூன்று ரத்தப் பரிசோதனைகளைச் செய்யாமல் "எனக்கு மனசுதான் சரியில்லை" என்று முடிவுகட்ட வேண்டாம். கோவிட் வந்து மூன்று மாதம் கழித்தும் களைப்பு, மூச்சுவாங்கல், மறதி தொடர்ந்தால் அது கோவிட்டுக்குப் பிந்தைய பாதிப்பாக இருக்கலாம். அதில் ஒரு அடையாளம்: ஒரு நாள் கொஞ்சம் கூடுதலாக வேலை பார்த்தால் அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ படுக்கையில் தள்ளிவிடும். இவர்களை "எழுந்து நட, சுறுசுறுப்பா இரு" என்று விரட்டினால் நிலைமை மோசமாகும்.

எங்கிருந்து தொடங்குவது

ஆசிரியர் தன் கையில் செய்யக்கூடியவற்றில் அதிகப் பலன் தருவது போனுக்கு நேரம் வைப்பது. வகுப்புக் குழுவில் அட்மின் மட்டும் செய்தி அனுப்பும்படி அமைப்பை மாற்றுங்கள். பெற்றோர் கேள்விக்கு மாலையில் ஒரு மணி நேரம், உதாரணமாக 5 முதல் 6 வரை, என்று குழுவின் விளக்கத்தில் எழுதிவிடுங்கள். இரண்டாவது எண்ணில் வாட்ஸ்அப் பிசினஸ் போட்டால், மற்ற நேரத்தில் "நாளை மாலை பதில் தருகிறேன்" என்று அதுவே பதில் அனுப்பும். இது பெரும்பாலும் எங்கே சொதப்பும் தெரியுமா? முதல் வாரத்தில் இரவு பத்து மணிக்கு வரும் ஒரே ஒரு கேள்விக்கு இரக்கப்பட்டுப் பதில் போடுவதில். அந்த ஒரு பதிலிலேயே விதி செத்துவிடும். அவசரம் என்றால் அழைக்கட்டும். அழைப்புகள் செய்திகளைவிட மிகக் குறைவாகவே வரும்.

திருத்தலைச் சுழற்சியில் விடலாம். 40 பேர் வகுப்பில் ஒரு நாளைக்குப் பத்து நோட்டு வீதம் ஆழமாகத் திருத்தி, மீதி முப்பதுக்குப் பார்த்த அடையாளம் மட்டும் போடுங்கள். நான்கு வேலைநாளில் எல்லோரும் ஒரு சுற்று வந்துவிடுவார்கள். பொதுவான தவறுகளை ஒரு நிமிடக் குரல்பதிவாகக் குழுவில் போட்டால் அதையே 40 முறை எழுத வேண்டியதில்லை. இணைய வகுப்பில் தன் படத்தைத் தான் பார்க்காதபடி மறைத்துக்கொள்ளும் வசதி ஜூமில் உண்டு. இரண்டு வகுப்புக்கு இடையில் பத்து நிமிடம் எழுந்து நடப்பதையும் கால அட்டவணையிலேயே எழுதிவிட வேண்டும், எழுதாவிட்டால் நடக்காது.

இதெல்லாம் பாதிதான். கேட்பவற்றைக் குறைக்கும் அதிகாரம் எச்.எம்.மிடமும் அவருக்கு மேலுள்ளவர்களிடமும் இருக்கிறது. ஒரு வாரம் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: என்ன புள்ளிவிவரம் கேட்டார்கள், யார் கேட்டார்கள், எத்தனை நிமிடம் ஆனது, அதே தகவல் வேறெங்கே ஏற்கெனவே இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் ஒரு முறை, செயலியில் ஒரு முறை, வாட்ஸ்அப்பில் ஒரு முறை என்று ஒரே எண்ணிக்கை மூன்று இடங்களுக்குப் போவது தெரியவரும். பள்ளி அளவில் நிறுத்தக்கூடியதை அன்றே நிறுத்தலாம். முடியாததை, அந்தத் தாளோடு வட்டாரக் கல்வி அலுவலரிடம் எடுத்துப் போகலாம். "ஆசிரியர்கள் கஷ்டப்படுகிறார்கள்" என்ற பேச்சைவிட நிமிடக் கணக்குக்கு எடை அதிகம். பதிவேற்ற வேலையை கணினி தெரிந்த இளம் ஆசிரியர் ஒருவர் தலையிலேயே கட்டாமல் மாதச் சுழற்சியில் பிரித்தால் நியாயம் என்ற பத்தியிலும் வரவு ஏறும்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. மன அழுத்தம் பற்றிய பயிற்சி வகுப்பை, கட்டாய வருகையோடு, சனிக்கிழமை பிற்பகலில் வைப்பது. வந்த புகைப்படத்தையும் பதிவேற்றச் சொல்வார்கள்.

தனியாகச் சமாளிக்க முடியாத கட்டத்தில், 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை இது. தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மருந்து எழுதிக் கொடுத்தால் அதன் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஐந்தாம் நாளே "ஒண்ணும் ஆகலை" என்று நிறுத்துவதும், தேறியதும் தானாகவே நிறுத்துவதும்தான் வழக்கமான தவறுகள். பொதுவாகத் தேறிய பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். நிறுத்துவதையும் மருத்துவர்தான் படிப்படியாகச் செய்ய வேண்டும்.

மருத்துவ விடுப்பு முடிந்து திரும்புகிறவருக்குப் பள்ளி தயாராக இருக்கிறதா என்பது கடைசிக் கேள்வி. நோய் பற்றி ஓய்வறையில் பேச்சு வரக்கூடாது, சான்றிதழ் எச்.எம். மேசையைத் தாண்டக்கூடாது. முதல் இரண்டு வாரம் மாற்று வகுப்புகள் வேண்டாம், புதிய பொறுப்பும் வேண்டாம். விடுப்பில் இருந்தபோது தேங்கிய நோட்டுகளையும் பதிவேடுகளையும் மற்றவர்கள் பிரித்து முடித்து வைத்திருக்க வேண்டும். அந்தக் கட்டு அப்படியே அவர் மேசையில் காத்திருந்தால், எடுத்த விடுப்பு அன்று மதியத்துக்குள் தீர்ந்துபோகும்.